உட்கார வைக்கும் மரியாதை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி தொடங்கி மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் நுழைய முடியாது. நடப்பவர்களுக்கென்று ஒரு ஊர் செய்துகொடுத்திருக்கும் அருமையான ஏற்பாடு. விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மில் தொழிலாளர்கள், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள், புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அம்மாக்கள். டூப்ளே சிலை பக்கமிருந்து கிளம்பி, காந்தி சிலையைத் தாண்டி, வடக்கு முனைவரை போய்த் திரும்புவார்கள். எத்தனை அடி நடந்தோம் என்று கையிலிருக்கும் வாட்ச் சொல்லும். அப்புறம் ஒரு டம்ளர் அருகம்புல் சாறு. அன்றைய உடற்பயிற்சிக் கணக்கு முடிந்தது.

முடியவில்லை. பாதிதான் ஆகியிருக்கிறது. அதுவும், வயதானவர்களுக்கு அதிகம் தேவைப்படாத பாதி.

"நடந்தா போதும்" என்பது நம் ஊரின் மிகப் பெரிய ஆரோக்கிய மூடநம்பிக்கை. மருத்துவர் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், வாட்ஸ்ஆப்பில் காலை வணக்கத்தோடு வருகிறது. நடை நல்லது, இதயத்துக்கும் மனதுக்கும் தூக்கத்துக்கும் நல்லது. யாரும் நடையை நிறுத்த வேண்டாம். ஆனால் 75 வயதில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியுமா, குளியலறையில் வழுக்கினால் சுதாரிக்க முடியுமா, பேரக்குழந்தையைத் தூக்க முடியுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது தசைவலு. அது நடப்பதால் மட்டும் வராது. சுமை தூக்கினால்தான் வரும்.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "எங்கம்மா போயி டம்பெல்ஸ் தூக்கணுமா?" ஆமாம், தூக்க வேண்டும்.

*

முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-ல் லான்செட் குழும இதழில் வெளிவந்தன. 20 வயதைக் கடந்தவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேசிய அளவில் 11.4 சதவீதம். கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடம். இரண்டாமிடம் புதுச்சேரி, 26.3 சதவீதம். நான்கில் ஒருவருக்கும் மேல். விடியற்காலையில் இவ்வளவு பேர் நடக்கும் ஊரின் கணக்கு இது. நடையால் சர்க்கரை வந்தது என்று சொல்லவரவில்லை. நடை மட்டுமே மருந்தாக இருந்துவிட முடியாது என்கிறேன்.

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் குளுக்கோஸாகி ரத்தத்தில் இறங்குகின்றன. இன்சுலின் வந்து கதவைத் திறக்கும்போது அந்தக் குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அதாவது நம் உடம்பின் முக்கியமான சர்க்கரைக் கிடங்கே தசைதான். சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் அது சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிடங்கு சின்னதாகிக்கொண்டே போனால் சரக்கு எங்கே போகும்? தெருவில்தான் நிற்கும்.

நமக்குக் கிடங்கு இளம் வயதிலேயே சின்னது. 2004-ல் லான்செட்டில் ஒரு புகைப்படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு. நம்மூர் "ஒல்லியாத்தான் இருக்கார், ஆனா சுகர்" புதிருக்கு அந்தப் படத்தில் பாதி விடை இருக்கிறது. இப்படிக் குறைந்த முதலோடு தொடங்கும் நாம், முப்பதுகளிலிருந்து பத்தாண்டுக்குச் சில சதவீதம் என்று தசையை இழந்துகொண்டே போகிறோம். 60-க்கு மேல் இழப்பு வேகமெடுக்கிறது. தசையின் அளவு குறைவதைவிட வேகமாக அதன் வலு குறைகிறது.

நடை இதை ஏன் தடுப்பதில்லை? தசைநார்களில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் உழைக்கும். மற்றொன்று சட்டென்று சுருங்கிப் பெரிய விசையைத் தரும். உடம்பு கஞ்சத்தனமான நிர்வாகி. சின்ன வேலைக்கு முதல் வகையை மட்டும் அனுப்பும், சுமை கூடினால்தான் இரண்டாவது வகையைக் கூப்பிடும். கடற்கரைச் சாலையின் சமதளத்தில் பேசிக்கொண்டே நடக்கும்போது இரண்டாவது வகைக்குக் கிட்டத்தட்ட விடுமுறை. வயதாகும்போது அதிகம் கரைந்துபோவதும் அதே வகைதான். வழுக்கும்போது அரை நொடியில் காலை முன்னால் வைத்து உடம்பைத் தாங்க வேண்டியதும் அதேதான். 20 வருடம் தினமும் 5 கிலோமீட்டர் நடந்தவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விழாமல் பிடித்துக்கொள்ளும் தசைக்கு அவர் 20 வருடமாக வேலையே கொடுக்கவில்லை.

*

"அதெல்லாம் சரி தம்பி, வயசு போன பிறகு தசை எங்கே வளரப்போகுது?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு 1990-லேயே பதில் வந்துவிட்டது.

பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அங்கிருந்து 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது 90. 8 வாரம் தொடைத் தசைகளுக்குக் கனமான சுமைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒப்புக்குக் கையை ஆட்டும் பயிற்சி இல்லை; அவரவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையின் பெரும்பகுதியை ஏற்றி, வலு கூடக் கூட எடையையும் கூட்டிக்கொண்டே போனார்கள். பயிற்சியை முடித்தவர்களின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் பெருகியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். 90 வயதில்!

அதே குழு 1994-ல் 100 பேரை வைத்துப் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டது. சராசரி வயது 87. சிலருக்குச் சுமைப் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. 10 வார முடிவில், பயிற்சி எடுத்தவர்களின் வலு இரண்டு மடங்குக்கும் மேல். சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலுவில் பலன் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பாவுக்குப் பெரிய டின்னில் சத்துமாவு வாங்கிவரும் பிள்ளைகள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிக்கலாம். செங்கல்லைக் கொண்டுவந்து இறக்கினால் வீடு எழும்பாது. கொத்தனார் வர வேண்டும்.

எலும்புக்கும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் நடந்து 2018-ல் அச்சான ஆய்வு ஒன்று, எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை எடுத்துக்கொண்டது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்றுநர் கண்காணிப்பில் பார்பெல்லோடு டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குதல். 8 மாதத்தில் இவர்கள் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்ற குழுவுக்குக் குறைந்தது. "எலும்பு வீக்கா இருக்கு, எதையும் தூக்காதீங்க" என்று நாம் யாரிடம் சொல்கிறோமோ, அதே பெண்கள்.

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்கள் எல்லோருக்கும் வாரம் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு அதோடு சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி வாரம் மூன்று நாள். நம் ஊர் அந்த வழிகாட்டுதலில் "வாரம் 150 நிமிடம் நட" என்ற வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த வரியைப் படிக்காமல் மூடி வைத்துவிட்டது.

*

இதில் எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது, புதுச்சேரி இதைப் பாஸ்டனிடமிருந்து கற்க வேண்டியதே இல்லை என்பதுதான். கடற்கரைச் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் 80 வருடமாகப் பாடம் நடக்கிறது.

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2 அன்று பள்ளி தொடங்கியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அன்னை மிர்ரா அல்ஃபசா குழந்தைகளுக்கு ஏற்படுத்திய உடற்கல்வி, சீக்கிரமே பெரியவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. 1949 பிப்ரவரியில் உடற்கல்விக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார்கள். அதில் உடம்பின் பூரணத்துவம் பற்றிக் கட்டுரை எழுதியபோது அரவிந்தருக்கு 76 வயது. தியானம் பழக வந்த இடத்தில் விளையாட்டு எதற்கு என்று சீடர்களே முகம் சுளித்தார்கள். அன்னை அசரவில்லை. 1878-ல் பிறந்தவர், 80 வயதை எட்டும்வரை டென்னிஸ் ஆடினார். 1950-ல் இங்கே வந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த படங்களில் அந்த 72 வயது டென்னிஸும் இருக்கிறது. பெண்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடினார்கள், பார் கம்பியில் தொங்கினார்கள். 1940-களின் கடைசியில், தமிழ்நாட்டின் நடுவே இருக்கும் ஓர் ஊரில்! பெண் உடம்பு மென்மையானது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற வாதத்தை அன்னை ஏற்கவே இல்லை. இன்றைக்கும் டிசம்பர் 2 அன்று உடற்கல்விச் செயல்விளக்கம் நடக்கிறது. ஆசிரமத் தடகளப் போட்டிகளில் 60, 70-ஐத் தாண்டியவர்கள் களமிறங்குவது அங்கே செய்தியே கிடையாது.

நான் பக்தன் இல்லை. ஆசிரமத்தின் தத்துவத்தோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு பொறியாளனாக அதை ஓர் அமைப்பாக மட்டும் பார்க்கிறேன். அதில் மூன்று விஷயங்கள் வேலை செய்கின்றன. குறித்த நேரம். கூட வருவதற்கு ஒரு குழு. முக்கியமாக, வெளியேறும் வயது என்று ஒன்று இல்லை. உங்களுக்கு 60 ஆகிவிட்டது, பெஞ்சில் போய் உட்காருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. இந்த மூன்றுக்கும் அருள் தேவையில்லை, அட்டவணை போதும்.

இந்த ஊர் ஆசிரமத்திடமிருந்து என்ன எடுத்துக்கொண்டது? ஊதுபத்தி, கையால் செய்த காகிதம், சுற்றுலாப் பயணி. ஒவ்வொரு ஜனவரியிலும் அரசு சர்வதேச யோகா விழா நடத்துகிறது. நல்லது, நடக்கட்டும். ஆனால் மைதானத்தை மட்டும் விட்டுவிட்டோம்.

*

மைதானத்தை ஏன் விட்டோம்? சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 5 மணிக்கு எழுந்து நடக்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. காரணம், முதுமையைப் பற்றி நமக்கிருக்கும் ஒரு கற்பனை. வயதானவர் என்றால் ஓய்வெடுக்க வேண்டியவர். ஓய்வு கொடுப்பதே மரியாதை. அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுநாளே "இனிமே நீங்க எதுவும் செய்யக் கூடாது" என்று பிள்ளைகள் அறிவிக்கிறார்கள். அம்மா மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிவந்தால் ஓடிப்போய்ப் பிடுங்குகிறோம். பாரீசிலிருந்து வீடியோ காலில் வரும் மகன், அப்பாவுக்குச் சாய்வு நாற்காலி ஆர்டர் செய்கிறான். இந்திய பாணிக் கழிப்பறையை மாற்றிக் கொடுத்தாயிற்று, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியாயிற்று, மாடிக்குப் போக வேண்டாம் என்று படுக்கையைக் கீழே போட்டாயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பாசம். சேர்த்துப் பார்த்தால், ஒரு மனிதரின் தொடைத் தசைக்கு அன்றாடம் கிடைத்துவந்த கடைசி வேலைகளையும் ஒவ்வொன்றாகப் பறித்திருக்கிறோம்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழைய மென்பொருள் ஒன்று எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் அது முழுசாகப் புரியாது. "ஓடிட்டிருக்கு இல்ல, கை வைக்காதே" என்பார்கள். கை வைக்காமலே வைத்திருந்து ஒருநாள் அது விழும்போது, எடுத்து நிறுத்த ஆளிருக்காது. வீட்டுப் பெரியவர்களை நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஒரு வித்தியாசம், கை வைக்காவிட்டால் மென்பொருள் தேய்வதில்லை. உடம்பு தேயும்.

மருத்துவர்களும் உடந்தை. மூட்டுவலி என்று போன என் சித்திக்கு ஓர் எலும்பு மருத்துவர் கொடுத்த அறிவுரை: கீழே உட்காராதீங்க, குனியாதீங்க, 2 கிலோவுக்கு மேல தூக்காதீங்க. மூன்று "கூடாது". "செய்யுங்கள்" என்று ஒன்றுகூட இல்லை. முழங்கால் தேய்மானத்துக்கு முதல்கட்டச் சிகிச்சையில் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை உலகளாவிய மருத்துவ வழிகாட்டுதல்கள் வைத்திருக்கின்றன. 10 நிமிடத்துக்கு ஒரு நோயாளி பார்க்கும் இடத்தில் பயிற்சி சொல்லித்தர நேரமில்லை என்பது புரிகிறது. தடை போடுவது சுலபம், அதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் அந்த அரை நிமிடத் தடையோடு அந்தப் பெண் மீதி வாழ்க்கையை ஓட்ட வேண்டும்.

விழுந்து இடுப்பெலும்பு உடைந்த முதியவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார். மீதிப் பேரில் பலர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவதே இல்லை. நாம் பாசத்தோடு காப்பாற்றி உட்காரவைத்ததன் விலை இது.

*

எதிர்க்கட்சியின் வாதங்களையும் பார்த்துவிடலாம்.

"அந்தக் காலத்துல அம்மியில அரைச்சாங்க, ஆட்டுக்கல்லுல மாவாட்டுனாங்க, எந்த ஜிம்முக்குப் போனாங்க?" அந்தக் காலப் பெண்களின் முதுகைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். ஒரே பக்கம், ஒரே அசைவு, ஓய்வே இல்லாமல், கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டுக்கொண்டு 40 வருடம் செய்வது உழைப்பு. அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. பயிற்சி என்றால் சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும், நடுவில் ஓய்வு வேண்டும், தட்டில் புரதம் வேண்டும். மிக்ஸியும் கிரைண்டரும் பெண்களுக்குக் கொடுத்த நேரம் அவர்களுடைய சொத்து. அதில் வாரம் ஒரு மணி நேரத்தை அவர்கள் தங்கள் உடம்புக்குச் செலவழிக்கட்டும் என்கிறேன்.

"யோகா போதாதா?" வளைவுக்கும் சமநிலைக்கும் மூச்சுக்கும் நல்லது. ஆனால் நேற்று தூக்கிய அதே உடம்பைத்தான் நாளையும் தூக்குவீர்கள், சுமை கூடாது. கூடாத சுமைக்குத் தசை ஒரு கட்டத்துக்கு மேல் பதில் சொல்லாது.

"ஜிம்முக்குப் போனா அங்க பசங்களா இருக்காங்க." இது நியாயமான புகார். நம் ஜிம்கள் 20 வயதுப் பையன்களுக்காகக் கட்டப்பட்டவை. வாசலில் ஆறு கட்டு வயிற்றோடு ஒரு போஸ்டர், காதைப் பிளக்கும் பாட்டு, போய்ச் சேர இரண்டு மாடிப் படி. வலு என்றால் நமக்கு இளமை என்றே பதிந்திருக்கிறது. தென்மாவட்டங்களில் பொங்கலுக்குத் தூக்கும் கல்லுக்குப் பெயரே இளவட்டக்கல். முதுவட்டக்கல் என்று ஒன்றை யாரும் யோசித்ததில்லை. இளவட்டத்துக்கு அந்தக் கல் வீரம், கிழவட்டத்துக்கு அது உயிர்.

"ஏதாவது ஆயிட்டா?" இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு, அண்மையில் அறுவை சிகிச்சை என்று இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது. இதெல்லாம் சரி. ஆனால் மருத்துவரிடம் போய் "செய்யலாமா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் பதில் வரும். "எப்படிச் செய்யலாம்?" என்று கேளுங்கள்.

*

தொடங்குவதற்கு ஜிம் வேண்டாம். ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11-க்குக் கீழே, ஆணுக்கு 12-க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் அதிகம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அளவுகோல். கைப்பிடி வலுவை அளக்கும் கருவி கிடைத்தால் அதையும் பாருங்கள். ஆசிய நாடுகளுக்கான அளவுகோலில் ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வந்த ஆய்வில், கைப்பிடி வலு 5 கிலோ குறைவாக இருக்கும்போது மரண அபாயம் 16 சதவீதம் கூடுவது தெரிந்தது. அந்த 17 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

பிறகு, அதே நாற்காலியில் எழுந்து உட்கார்வதே பயிற்சி. சுலபமானதும் 2 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள், அப்புறம் 5 கிலோ. சுவரில் கை ஊன்றித் தண்டால். தண்ணீர் வாளியைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்கி, 10 அடி நடந்து, இறக்கி வைப்பது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. வாரம் இரண்டு நாள், அரை மணி. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமில்லாமல் 15 முறை செய்ய முடிந்தால் சுமை போதவில்லை. தட்டில் முட்டை, பருப்பு, மீன், தயிர் கூடட்டும். மூன்று இட்லிக்கு ஒரு கரண்டி சாம்பார் என்பது புரதக் கணக்கில் சேராது.

இது தனிமனிதர்களால் மட்டும் தீரும் விஷயம் இல்லை. கடற்கரைச் சாலையை 13 மணி நேரத்துக்கு மேல் நடப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடிந்த ஒரு நிர்வாகம், உப்பளம் மைதானத்திலோ லாஸ்பேட்டையிலோ வாரம் இரண்டு காலை, 60 வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா? வேண்டியது 20 நாற்காலி, சில ஜோடி டம்பெல்ஸ், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர். பூங்காக்களில் வைக்கும் பெடல் இயந்திரங்களின் விலையைவிடக் குறைவாகத்தான் ஆகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கிறார்கள், பிபி பார்க்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழச் சொல்லி 30 நொடி பார்த்து, அந்த எண்ணையும் அதே அட்டையில் எழுதட்டும். அதற்குக் கருவி வேண்டாம், டெண்டர் வேண்டாம், கடிகாரம் போதும்.

பிள்ளைகளுக்கு ஒன்று. அடுத்த முறை அம்மா மளிகைப் பையைத் தூக்கும்போது பிடுங்காதீர்கள். இரண்டு கையிலும் சம எடை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.